ஆயர், பேராயர், கர்தினால்: யாரிடம் எதைச் சொல்வது?



2007ஆம் ஆண்டு. படுவான்கரைக் கிராமங்களில் இருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட சனங்கள், எழுவான்கரையில் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலம். நான் அப்போது இளங்குரு. ஒருநாள் முகாமைப் பார்க்கத் திருச்சபைப் பெரியவர்கள் சிலர் வந்தார்கள். எல்லோரும் வெள்ளை அங்கி. உன்னிச்சைப் பக்கத்து வயோதிபர் ஒருவர் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சாமி, இதுக்குள்ள ஆரு பெரியவரு? கடிதத்த ஆருக்கிட்டக் குடுக்கிற?"

நான் அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் பேராயர், இவர் ஆயர், அங்கே நிற்பவர் குருமுதல்வர் என்று நான் இழுத்துக்கொண்டிருக்கையில் வாகனங்கள் புறப்பட்டுவிட்டன. கடிதம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அது என் பிழை. அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பிறகு அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்தேன். ஒரு பக்கக் கடிதம். முதல் ஒன்பது வரியும் பட்டங்கள். மகா வணக்கத்துக்குரிய, அதி மேதகு, பேரருள் நிறைந்த, கருணைக் கடலாகிய என்று போகிறது. விடயம் கடைசி இரண்டு வரியில்தான் இருந்தது: எங்கட காணிக்கு நாங்கள் போக வேணும், தயவு செய்யவும். எந்த வட்டை, எத்தனை ஏக்கர், அனுமதிப்பத்திரம் உண்டா இல்லையா, ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்த பொடியனைக் குறைசொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பாடம் அந்த வயோதிபருக்குச் சொல்லாமல் விட்டது. நம் வாசகர்களில் சைவக் குடும்பங்களும் பல. அவர்களுக்கும் இது பயன்படும். ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லவே.

மூன்றே படிகள்

திருச்சபையில் எத்தனையோ பட்டங்கள் காதில் விழுகின்றன. ஆனால் கைகளை வைத்து அருட்பொழிவு செய்து கொடுக்கப்படும் திருநிலை மூன்றுதான்: திருத்தொண்டர், குரு, ஆயர். இதற்கு மேல் நான்காவது படி கிடையாது. பேராயர், கர்தினால், ஏன் பாப்பரசரும்கூட, திருநிலையின்படி ஆயரே. பாப்பரசர் உரோமாபுரியின் ஆயர். அந்த ஆசனத்துக்கு உரியவர் என்பதாலேயே முழுத் திருச்சபைக்கும் தலைவராகிறார்.

மற்றப் பெயர்கள் எல்லாம் ஒன்றில் பொறுப்பைக் குறிப்பவை, அல்லது வெறும் மரியாதைக்கானவை. எது பொறுப்பு, எது மரியாதை என்று பிரித்தறிவதே இங்கு முக்கியம்.

ஆயர் என்பவர் ஒரு மறைமாவட்டத்தின் பொறுப்பாளர். நமக்கு அவர் மட்டக்களப்பு ஆயர். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உண்டாக்கப்பட்டபோது மட்டக்களப்பும் அதற்குள் அடங்கியிருந்தது. 1967இல் அதன் பெயர் திருகோணமலை–மட்டக்களப்பு என்று மாறியது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகி, யோசப் பொன்னையா ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இன்று இலங்கையில் மொத்தம் 12 மறைமாவட்டங்கள்.

பேராயர் என்பவர் உயர் மறைமாவட்டத்தின் ஆயர். இலங்கையில் உயர் மறைமாவட்டம் கொழும்பு ஒன்றே. 1886இல் இருந்து அப்படித்தான். இங்கேதான் நம்மவர்கள் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். கிராம சேவகருக்கு மேலே பிரதேச செயலாளர், அவருக்கு மேலே அரசாங்க அதிபர் என்று அரச நிர்வாகம் ஏணிபோல் போகிறது. அதைப்போலவே ஆயருக்கு மேலே பேராயர், அவருக்கு மேலே கர்தினால் என்று நினைத்து, மட்டக்களப்பில் தீராத காரியத்துக்குக் கொழும்புக்கு மனு அனுப்புகிறார்கள். திருச்சபைச் சட்டம் அப்படியில்லை. விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா என்று பேராயர் கவனிக்கலாம், குறை கண்டால் பாப்பரசருக்கு அறிவிக்கலாம். நமது மறைமாவட்டத்தை நடத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஒவ்வோர் ஆயரும் நேரடியாகப் பாப்பரசருக்கே கணக்குக் கொடுக்கிறார்.

கர்தினால் என்பது இன்னும் வேறு. அவர் பாப்பரசருக்கு ஆலோசனை சொல்பவர். 80 வயதுக்கு உட்பட்டவரானால் புதிய பாப்பரசரைத் தெரிவு செய்ய வாக்களிப்பவர். இலங்கையில் இந்தப் பொறுப்பைப் பெற்ற முதலாமவர் தோமஸ் கூரே ஆண்டகை, 1965இல். இரண்டாமவர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, 2010இல். இவர் 2013இலும் 2025இலும் பாப்பரசரைத் தெரிவு செய்த கூட்டங்களில் இருந்தார். கர்தினாலின் சொல்லுக்கு நாட்டில் பெரும் மதிப்பு உண்டு. அவர் பேசினால் பத்திரிகைகள் போடும், அரசாங்கம் செவிமடுக்கும். ஆனால் உன்னிச்சைப் பங்குக்கு யாரை அனுப்புவது, மறைமாவட்டச் சமூகப்பணி நிலையம் எந்தக் கிராமத்துக்கு விதைநெல் கொடுப்பது என்பவை அவர் கையில் இல்லை.

கொழும்பில் இருக்கும் பாப்பரசரின் தூதுவரும் பேராயர் பட்டம் உடையவரே. அவர் நாட்டுக்கும் ஆயர்களுக்கும் பாப்பரசரின் பிரதிநிதி. மறைமாவட்டம் எதையும் நடத்துபவர் அல்ல.

மொன்சிஞ்ஞோர் என்பது முற்றிலும் மரியாதைப் பட்டம். அதைப் பெற்ற குருவுக்குப் புதிதாக ஓர் அதிகாரமும் வருவதில்லை. 2014இல் பாப்பரசர் பிரான்சிஸ், மறைமாவட்டக் குருக்களில் 65 வயதைக் கடந்தவர்களுக்கே இனி அது என்று குறுக்கிவிட்டார். மாறாக, குருமுதல்வர் என்பவர் நம்மைப் போன்ற சாதாரண வெள்ளை அங்கியோடு நிற்பார். அவருக்கோ ஆயரின் பெயரால் நிர்வாகம் செய்யும் உண்மையான அதிகாரம் உண்டு. அன்று முகாமில் வயோதிபர் யாருடைய உடையையும் பார்க்காமல் குருமுதல்வரிடம் கடிதத்தைக் கொடுத்திருந்தாலே போதும்.

அங்கியில் எதைப் பார்ப்பது

குளிர்நாடுகளில் குருவின் அங்கி கறுப்பு. நமது வெக்கைக்கு வெள்ளை. அதனால்தான் இங்கே எல்லோரும் ஒன்றுபோல் தெரிகிறார்கள். ஆனால் அங்கியின் விளிம்பையும் பொத்தானையும் பாருங்கள். ஆயருக்கு அங்கே ஊதா கலந்த செந்நிற நூல் ஓடும். இடைக்கச்சையும் தலையில் உள்ள சிறு வட்டத் தொப்பியும் ஊதா. பேராயருக்கும் இதே நிறம்தான், வேறுபாடு இல்லை. கர்தினாலுக்கு அவை இரத்தச் சிவப்பு. விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தவும் ஆயத்தம் என்பதே அந்தச் சிவப்பின் பொருள். வெள்ளைத் தொப்பி பாப்பரசருக்கு. மார்பில் தொங்கும் சிலுவையும் வலக்கை விரலில் மோதிரமும் ஆயருக்கு உரியவை.

ஒரு எச்சரிக்கை. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் எந்தக் குருவும் பூசைக்கு ஊதா உடுப்பார். அது காலத்தின் நிறம், பதவியின் நிறமல்ல. ஒருமுறை தவக்காலத்தில் எனக்கு முன் முழங்காலிட்டு, ஆண்டகை என்று கூப்பிட்டு மோதிரம் தேடிய அம்மாவை நான் மறக்க மாட்டேன். என் விரலில் இருந்தது சைக்கிள் சங்கிலியின் கறுப்பு மட்டுந்தான்.

திருவிழாப் பூசையில் ஆயர் இருமுனையுள்ள உயர்ந்த தொப்பி அணிந்து, கையில் வளைந்த கோலோடு வருவார். அந்தக் கோலைச் செங்கோல் என்று சொல்கிறோம். அரசனுடைய கோல் என்று நினைத்துத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்க வேண்டும். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடிப்பதில்லை. அது மேய்ப்பனின் கோல். மாதவணை, மயிலத்தமடுப் பக்கம் மாடு சாய்க்கிறவர்களின் கையில் இருப்பது எதுவோ, அதுதான். ஆயர் என்ற தமிழ்ச் சொல்லும் மாடு மேய்ப்பவரையே குறிக்கும்.

கிரேக்க மொழியில் ஆயருக்குரிய சொல்லின் பொருள் மேற்பார்வையாளர். வட்டை விதானையும் முல்லைக்காரரும் செய்யும் வேலைதான். வயல் முல்லைக்காரருடையதல்ல. விளைச்சலுக்கும் பதருக்கும் அவர் போடியாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆயருக்கும் மந்தை சொந்தமல்ல.

பேராயர் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டி தொங்கும். கறுப்புச் சிலுவைகள் தைத்திருக்கும். பாலியம் என்பது அதன் பெயர். செம்மறியாட்டு உரோமத்தால் நெய்தது. தொலைந்த ஆட்டைத் தேடித் தோளில் சுமந்துவந்த மேய்ப்பனை அது நினைவூட்டுகிறது. உலகெங்கும் உள்ள பேராயர்களின் அடையாளங்களில் இதைவிட விலை குறைந்தது வேறில்லை, இதைவிட அர்த்தம் நிறைந்ததும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்த உடை எங்கிருந்து வந்தது?

இயேசு இந்த உடைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் நூற்றாண்டுகளில் குருக்கள் ஊரார் உடுத்ததையே உடுத்தார்கள். இன்று பூசைக்கு நாம் போடும் மேலாடை, பழைய உரோமாபுரியில் பயணம் போகிறவர்கள் மழைக்கும் குளிருக்கும் போர்த்த சால்வை அங்கிதான். ஊரார் நாகரிகம் மாறி வேறு உடைக்குப் போனார்கள். குருக்கள் பழையதையே வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் கதை. 428இல் பாப்பரசர் செலஸ்தீன், இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இருந்த ஆயர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். சிலர் தங்களுக்கென்று தனி உடை போடத் தொடங்கியிருந்தார்கள். நாம் சனங்களிடமிருந்து வேறுபட வேண்டியது அறிவினாலும் நடத்தையினாலுமே, உடுப்பினால் அல்ல என்பது அவர் கருத்து.

அந்தக் கண்டிப்பு எடுபடவில்லை. அரசர்கள் கிறிஸ்தவர்களாகி ஆயர்களுக்கு நீதிபதி அதிகாரமும் நிலமும் கொடுத்தபோது, அரசவையின் பட்டங்களும் உடைகளும் கூடவே வந்தன. ஊதா நிறமே ஒரு காலத்தில் கடல் நத்தையில் இருந்து எடுத்த மகா விலையுள்ள சாயம், பெரிய மனிதர்களின் நிறம். கர்தினால்களின் பின்னால் இழுபட்ட நீள அங்கியைத் தூக்கிப் பிடிக்கவே ஆட்கள் வேண்டியிருந்தது. 1952இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அதைப் பாதியாக வெட்டினார். 1969இல் மேலும் பல அலங்காரங்கள் போயின.

நம் நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. திருகோணமலை மறைமாவட்டத்தின் முதல் ஆயர்கள் வெளிநாட்டவர். 1898இல் வந்த லவீன் ஆண்டகையும், 1917 தொடக்கம் இருந்த ரொபிஷே ஆண்டகையும் பிரெஞ்சுக்காரர். 1947 முதல் 1974 வரை இருந்த கிளெனி ஆண்டகை அமெரிக்க இயேசு சபைக் குரு. இவர்கள் செய்த பணிகளை நம் பாடசாலைகள் சொல்லும். ஆனால் துரைக்குக் கும்பிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, வாய்பொத்தி நின்ற பழக்கத்தை நம் சனங்கள் அப்படியே ஆயர்களிடமும் கொண்டுபோனார்கள். அது விசுவாசத்தால் வந்த பணிவல்ல, குடியேற்றவாதத்தால் வந்த கூனல். பிறகு நம்மவரே ஆயர்களானார்கள். கூனல் போகவில்லை.

பட்டத்தைக் கழற்றியவர்கள்

வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோது, 1964 நவம்பரில் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் தமது மூன்றடுக்கு முடியைக் கழற்றி, ஏழைகளுக்கென்று பீடத்தில் வைத்தார். அவருக்குப் பின் வந்த எந்தப் பாப்பரசரும் முடிசூடவில்லை. 1965 நவம்பர் 16ஆந் திகதி, சுமார் 40 ஆயர்கள் உரோமாபுரியில் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் கூடிப் பூசை செய்து, ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். சாதாரண சனங்களைப்போல வீடும் சாப்பாடும் பயணமும் வைத்துக்கொள்வோம், விலையுயர்ந்த துணியும் பொன் வெள்ளி அடையாளங்களும் வேண்டாம், பெரிய பட்டங்களால் எங்களை அழைக்க வேண்டாம், தந்தை என்றால் போதும் என்பவை அதில் இருந்தன.

பிரேசில் நாட்டில் பேதுரு கசல்தாலிகா என்றொரு குரு இருந்தார். 1971இல் அரகுவாயா ஆற்றங்கரையில் ஆயராகத் திருநிலை பெற்றபோது, இருமுனைத் தொப்பிக்குப் பதில் வைக்கோல் தொப்பி, கோலுக்குப் பதில் தோணித் துடுப்பு, பொன் மோதிரத்துக்குப் பதில் தூக்கும் என்ற பனைவகைக் கொட்டையில் செய்த கறுப்பு மோதிரம். வாவிக்கரையில் வாழும் நமக்குத் துடுப்பின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு அவர் எழுதிய முதல் சுற்றுமடலே, பெருநிலக்காரர்கள் ஏழை விவசாயிகளைக் காணியில் இருந்து துரத்துவதைப் பற்றியது. கொலை மிரட்டல்கள் வந்தன. விவசாயிகளின் பக்கத்தை விட்டு அவர் விலகவில்லை. 2020இல் இறந்தார்.

இவர்களுக்கு வெகு காலம் முன்பே, 1687இல், கோவையில் இருந்து யோசப் வாஸ் முனிவர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். போர்த்துக்கேயருடைய அந்தக் கோவாப் பட்டினத்தைத்தான் நம் முன்னோர் கோவை என்றார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். அங்கி இல்லை, கூலியாள் வேடம். கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்தே விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். பின்பு அவரை ஆயராக்க விரும்பியபோது வேண்டாமென்றார். 2015 சனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்தார்.

நம் மட்டக்களப்பையும் சொல்ல வேண்டும். பிரஜைகள் குழுவில் முன்னின்ற சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 யூன் 6ஆந் திகதி மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இயேசு சபைக் குரு ஹேபட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞனோடு காணாமற் போனார். இருவரும் ஆயர்களல்லர். சாமி, ஃபாதர் என்பவையே அவர்களுக்குச் சனங்கள் கொடுத்த பட்டங்கள்.

மற்றச் சபையினரும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். 1814இல் வில்லியம் ஓல்ற் போதகரோடு மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த சபைக்குச் சபைத் தலைவர் இருக்கிறார். அங்கிலிக்கன் சபைக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் ஆயர்கள் உண்டு, அவர்களும் ஊதா உடுப்பார்கள். போதகரை ஐயா என்றாலே போதுமானது.

இனிக் கடிதம்

ஆயரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள். மோதிரத்தை முத்தமிடுவது பழைய வழக்கம். விரும்பியவர் செய்யலாம், கட்டாயமில்லை. சைவர்கள் கைகூப்பினால் போதும். பேசும்போது ஆண்டகை என்று ஒருமுறை சொன்னால் மரியாதை நிறைந்துவிடும். அந்தச் சொல் பெருந்தன்மை உடையவர் என்ற பொருளில் நம் பழந்தமிழில் வழங்கியது. குருவைத் தந்தை, சாமி, ஃபாதர் என்று எப்படியும் அழைக்கலாம்.

நீங்கள் பேசுவது தயவுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 212ஆவது பிரிவு, தம் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களுக்குத் தெரியப்படுத்தும் உரிமை விசுவாசிகளுக்கு உண்டு என்கிறது. 396ஆவது பிரிவு, ஐந்து ஆண்டுகளுக்குள் மறைமாவட்டம் முழுவதும் பார்த்து முடியும்படி ஒவ்வோர் ஆண்டும் சில பகுதிகளையாவது ஆயர் சந்திக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆகவே ஆயர் உங்கள் கிராமத்துக்கு எப்போது வருகிறார் என்று பங்குத்தந்தையிடம் கேட்கலாம். கேட்பது அடக்கமின்மை அல்ல.

காணியை விடுவிக்கும் அதிகாரமோ அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரமோ ஆயருக்கு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். உன்னிச்சைக்காரருக்கு அது வவுணதீவில் உள்ள மண்முனை மேற்குப் பிரதேச செயலகத்தின் வேலை. உங்களுக்காக அதிகாரிகளோடு பேசவும், சமூகப்பணி நிலையத்தின் உதவியைத் தரவும், சட்ட உதவிக்கு வழிகாட்டவும் ஆயரால் முடியும். எனவே மூலமனு பிரதேச செயலாளருக்குப் போகட்டும், பிரதி ஆயருக்கு.

மேலே, மேதகு மட்டக்களப்பு ஆயர் அவர்கட்கு என்று ஒரே வரி. அடுத்த வரியில் இருந்தே விடயம். கிராமம், கிராம சேவகர் பிரிவு, வட்டையின் பெயர், ஏக்கர், அனுமதிப்பத்திர இலக்கம். தொலைந்திருந்தால் எந்த ஆண்டு, எங்கே தொலைந்தது, பொலிஸ் முறைப்பாடு உண்டா. எந்த ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள், கடைசியாக எந்தப் போகம் விதைத்தீர்கள், இப்போது அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள். இதுவரை எந்த அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் எழுதினீர்கள். ஆயரிடம் நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு வசனம். பல குடும்பங்கள் சேர்ந்து எழுதினால் எல்லோருடைய பெயரும் கையொப்பமும் இருக்கட்டும். காணி பெண்ணின் பேரில் இருந்தால் அவருடைய கையொப்பமே முதலாவதாக வரவேண்டும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, கொடுத்த திகதியையும் வாங்கியவர் பெயரையும் அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள். திருவிழா நாளில் கூட்டத்துக்குள் ஆயர் கையில் திணிக்காதீர்கள், பூசை உடுப்புக்குப் பை கிடையாது. ஆயர் இல்லக் காரியாலயத்தில் கொடுங்கள், அல்லது பங்குத்தந்தையிடம் கொடுத்து வாங்கியதாக எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், முதற் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதலாம்.